தோற்ற தளபதி எழுதும் கடிதம்: எங்கெல்லாம் சறுக்குகிறது?

1944 ஜூன் 5. நார்மண்டியில் படையை இறக்க உத்தரவு கொடுத்தாகிவிட்டது. அன்று நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் ஒரு சின்னத் தாளை எடுத்து, தரையிறக்கம் தோற்றுப்போனால் வெளியிட வேண்டிய அறிக்கையைப் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டார். தேதியைக்கூடத் தவறுதலாக ஜூலை 5 என்று போட்டிருக்கிறார். அந்தத் தாளில் ஓர் அடித்தல் இருக்கிறது. ‘துருப்புகள் திரும்பப் பெறப்பட்டன’ என்ற பொருளில் முதலில் எழுதியவர், அதை அடித்துவிட்டு, ‘துருப்புகளை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன்’ என்று மாற்றினார். பழி ஏதும் இருந்தால் அது என்னுடையது மட்டுமே என்று முடித்து, அதற்கு அடிக்கோடும் போட்டார்.

தோல்வியை மேலிடத்துக்கு எழுதுகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு அந்த அடித்தலுக்குக் கீழே கிடக்கிறது. ‘பெறப்பட்டன’ என்பதில் ஆளே இல்லை. ‘முடிவு எடுக்கப்பட்டது’, ‘பின்னடைவு ஏற்பட்டது’ என்று அடுக்கிக்கொண்டே போனால், படிக்கிற அமைச்சருக்கு ஒரே கேள்விதான் எழும்: யார் எடுத்த முடிவு? இந்த ஆள் எதையோ மறைக்கிறார் என்று தோன்றிவிட்டால், அப்புறம் அதே கடிதத்தில் இருக்கும் உண்மையையும் நம்ப மாட்டார். வீரர்கள் தங்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள் என்றும் ஐசன்ஹோவர் எழுதியிருந்தார். பாராட்டு அவர்களுக்கு, பழி தனக்கு.

அடுத்தது, வானிலையின் தலையில் கட்டுவது. ரஷ்யாவிலிருந்து திரும்பும் வழியில், 1812 டிசம்பர் 3 தேதியிட்டு நெப்போலியன் நாட்டு மக்களும் படிக்கிற தன் 29ஆம் போர் அறிக்கையை எழுதினார். படை சிதைந்துபோனதை அதில் பெருமளவு ஒப்புக்கொள்கிறார். நவம்பர் முதல் வாரத்தில் குளிர் திடீரென்று இறங்கியது, சில நாட்களில் 30,000 குதிரைகள் செத்தன, அதனால் பீரங்கிகளை இழுக்க வழியில்லாமல் போனது என்று விவரமாகவே போகிறது. சரி, குளிர் பொய்யில்லை. ஆனால் ஜூன் 24ஆம் தேதி ரஷ்ய எல்லையான நேமன் ஆற்றைக் கடக்கத் தொடங்கிய படையில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். செப்டம்பர் 14 அன்று மாஸ்கோவை எட்டியபோது அவரிடம் மிஞ்சியவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். வழிக்காவலுக்கு நிறுத்தியவர்கள் போக, மற்றவர்களைத் தின்றவை பசியும் நோயும் வெயிலும் போர்க்களமும். ஒரு பனித்துளிகூட விழாத மாதங்கள் அவை. உண்மையான ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற காரணங்களை அதன் பின்னால் ஒளித்துவைப்பது அப்பட்டமான பொய்யைவிட ஆபத்தானது. படிக்கிறவர் சோதித்துப் பார்த்தாலும் சொன்ன வரை சரியாகத்தான் இருக்கும்.

அந்த அறிக்கை முடிகிற இடம் இன்னும் மோசம். பேரரசரின் உடல்நிலை இதைவிட நன்றாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதுதான் கடைசி வரி. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அக்டோபரில் பாரிஸில், பேரரசர் இறந்துவிட்டார் என்று புரளி கிளப்பி ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தது ஒரு கும்பல். ஆகவே உயிரோடு இருப்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மகன் திரும்பி வருவானா என்று காத்திருக்கும் தாய் படிக்கிற கடைசி வரியாக அதை வைத்திருக்க வேண்டாம். எந்தச் செய்தி எந்த இடத்தில் வருகிறது என்பதும் கடிதத்தின் நாகரிகம்தான்.

வார்த்தையை மாற்றிவிட்டால் நடந்ததும் மாறிவிடும் என்று நினைப்பது இன்னொரு தவறு. 1943 பிப்ரவரியில் பசிபிக் கடலில் உள்ள குவாடல்கனால் தீவை விட்டு ஜப்பானியப் படை வெளியேறியபோது, டோக்கியோ அதற்கு ‘தென்ஷின்’ என்று பெயர் வைத்தது. திசை திரும்பி முன்னேறுவது என்று பொருள். இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். 1944 அக்டோபரில் ஃபார்மோசா (இன்றைய தைவான்) கடலில் நடந்த வான்சண்டையில் 11 அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களை மூழ்கடித்ததாக அறிவித்தார்கள். ஒன்றுகூட மூழ்கவில்லை. சில நாட்களில் கடற்படைக்கு விஷயம் தெரிந்துவிட்டது, தரைப்படைக்குச் சொல்லவில்லை. அந்தக் கணக்கை நம்பிய தரைப்படை, பிலிப்பைன்ஸின் லூசான் தீவில் நடத்தவிருந்த முக்கியப் போரை லெய்தே தீவுக்கு மாற்றியது. அங்கே போன வீரர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை.

அப்படியானால் பக்குவமாகச் சொல்லவே கூடாதா? சொல்லலாம். சீனத்தில் ஒரு கதை வழங்குகிறது. 1850களில் தைப்பிங் கிளர்ச்சிப் படையிடம் அடிமேல் அடி வாங்கிய அரசுத் தரப்புத் தளபதி செங் குவோஃபான் அரசருக்கு அனுப்பவிருந்த அறிக்கையில், ‘போரிட்டுப் போரிட்டுத் தோற்றோம்’ என்று இருந்ததாம். அதை ‘தோற்றுத் தோற்றும் போரிட்டோம்’ என்று மாற்றினார்களாம். கதையாகவே இருக்கட்டும். இதற்கும் ‘தென்ஷின்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள்: இங்கே ‘தோற்று’ என்ற சொல் அப்படியே இருக்கிறது. இடம் மட்டும்தான் மாறியது.

நேர்மையாக எழுதியும் கோட்டைவிட்டவர் ஏதென்ஸின் தளபதி நிக்கியாஸ். கி.மு. 414இல் சிசிலித் தீவின் சிராகூஸ் நகரை முற்றுகையிடப் போனவர், ஊருக்கு ஆள் அனுப்பியதோடு நிற்காமல் கடிதமும் கொடுத்தனுப்பினார். வாயால் சொல்கிறவன் மறந்துவிடுவான், அல்லது கூட்டம் கேட்க விரும்புவதைச் சொல்லிவிடுவான் என்ற பயம் அவருக்கு. முற்றுகையிட வந்த நாங்களே முற்றுகையில் கிடக்கிறோம், கப்பல்களைக் கரையேற்றிக் காயவைக்க முடியாமல் மரம் ஊறிப் போய்விட்டது, துடுப்புப் போடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. இந்த அளவுக்கு நான் மதிக்கிற தோல்விக் கடிதம் வேறில்லை. ஆனால் முடிவில், எங்களைத் திரும்ப அழையுங்கள், இல்லாவிட்டால் இதே அளவு இன்னொரு படையை அனுப்புங்கள் என்று இரண்டு வழியைக் கொடுத்தார். தனக்குச் சிறுநீரகக் கோளாறு, வேறு ஆளை நியமியுங்கள் என்றும் கேட்டார். ஆசை பிடித்த ஏதென்ஸ் மக்கள் சபையிடம் இரண்டு வழி கொடுத்தால் எதை எடுக்கும்? இன்னொரு படையை அனுப்பியது, அவரையும் விடுவிக்கவில்லை. மறு ஆண்டு இரண்டு படைகளும் அழிந்தன. நிக்கியாஸையும் கொன்றுவிட்டார்கள். திரும்புவதுதான் சரி என்று நினைத்திருந்தால், அந்த ஒன்றை மட்டும் எழுதியிருக்க வேண்டும்.

கடைசியாக, பழியைப் பக்கத்தில் இருப்பவர்மேல் தள்ளுவது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் தோற்ற தென் மாநிலத் தளபதி ராபர்ட் லீ, ஆகஸ்ட் 8ஆம் தேதி தன் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸுக்கு எழுதி, தனக்குப் பதில் வேறொருவரை நியமிக்கக் கேட்டுக்கொண்டார். கீழே இருந்த தளபதிகள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. டேவிஸ் மறுத்துவிட்டார். ஆனால் மூன்றாம் நாள் நடந்த பெருந்தாக்குதலில் தன் டிவிஷனைப் பறிகொடுத்த, லீயின் கீழிருந்த தளபதி பிக்கெட்டின் அறிக்கை வேறு மாதிரி இருந்தது. அதில் மற்றவர்களைச் சாடியிருந்தார். லீ அதைத் திருப்பி அனுப்பி, எதிரியோடு போரிட வேண்டிய நேரத்தில் நமக்குள் பிளவு வேண்டாம், இதை அழித்துவிட்டு இழப்புகளை மட்டும் சொல்லும் அறிக்கை கொடுங்கள் என்று எழுதினார்.

அந்த வாரங்களில் படை உடையாமல் இருக்க லீ கேட்டது சரிதான். ஆனால் சுமார் 12,500 பேர் திறந்த வெளியில் நடந்துபோய், பாதிப் பேர் விழுந்த அந்தப் பிற்பகலில் எது பிசகியது என்று பிக்கெட் என்ன எழுதினார்? அதன் பிரதி ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.