.357 சிக் தோட்டா வாங்கலாமா? கணக்குப் போட்டுப் பார்க்கும் வழி

.357 சிக் என்பது கைத்துப்பாக்கித் தோட்டாவில் ஒரு வகை. அதைச் சுடும் துப்பாக்கி வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது வேகத்தைத்தான். அதில் தப்பில்லை, அந்தத் தோட்டா பிறந்ததே வேகத்துக்காக. ஆனால் வேகத்தில் ஆரம்பித்தால் மனசு அங்கேயே விழுந்துவிடும், மற்றதெல்லாம் சப்பைக்கட்டு ஆகிவிடும். அதனால் நான் சொல்லும் வரிசை வேறு: உங்களிடம் இப்போது என்ன துப்பாக்கி இருக்கிறது, மாதம் எத்தனை தோட்டா சுடுவீர்கள், அதற்கு அப்புறம்தான் வேகம். இங்கே பேசுவதெல்லாம் அமெரிக்கச் சந்தையை வைத்து. இந்தத் தோட்டாவின் கதை பெரும்பாலும் அங்கேதான் நடந்தது.

கதை சுருக்கமாக. அமெரிக்க போலீஸ் ரொம்ப காலம் .357 மேக்னம் ரிவால்வர் வைத்திருந்தது. அதில் 125 கிரெயின் (சுமார் 8 கிராம்) எடையுள்ள ஹாலோ பாயிண்ட் குண்டு, அதாவது முனையில் குழி உள்ள குண்டு, நொடிக்கு சுமார் 1,450 அடி வேகத்தில் போகும், அதற்கு நல்ல பேர். அப்புறம் எல்லோரும், சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும் செமி ஆட்டோமேட்டிக்குக்கு மாறியபோது அதே தாக்கம் இதிலும் வேண்டும் என்ற ஆசை போகவில்லை. 1994ல் துப்பாக்கி செய்யும் சிக் சாவரும் தோட்டா செய்யும் ஃபெடரலும் சேர்ந்து, .40 ஸ்மித் அண்ட் வெஸன் தோட்டாவின் அளவிலேயே ஒரு கூட்டை (குண்டையும் மருந்தையும் பிடித்திருக்கும் உலோக உறை) எடுத்து, வாயை மட்டும் 9 எம்எம் தோட்டாவின் குண்டு பிடிக்கிற அளவுக்கு ஒடுக்கினார்கள். பெயரில் .357 இருந்தாலும் உள்ளே இருப்பது .355 அங்குலக் குண்டு, அதாவது 9 எம்எம்மில் போடும் அதே விட்டம். கழுத்து ஒடுங்கிய பிஸ்டல் தோட்டா ஒன்றும் புதுசு இல்லை, மவுசரின் 7.63, லூகரின் 7.65, ரஷ்யர்களின் 7.62 டோக்கரேவ் எல்லாமே இந்த வடிவம்தான்.

இப்போது முதல் கேள்வி. உங்களிடம் .40 துப்பாக்கி இருக்கிறதா? இருந்தால் கதையே வேறு. .40 சுடும் க்ளாக் 22 வைத்திருந்தால் பேரலை (குழலை) மட்டும் மாற்றினால் அது கிட்டத்தட்ட .357 சிக் சுடும் க்ளாக் 31 ஆகிவிடும். 23க்கு 32, 27க்கு 33. சிக் பி229 .40யும் இப்படித்தான். அதே ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்), அதே மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி). பிடிக்கவில்லை என்றால் பழைய பேரலைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், நஷ்டம் ஒரு பேரல் விலைதான். 9 எம்எம் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை, ஏனென்றால் .357 சிக் தோட்டாவின் அடிப்பாகம் பெரிது, ஸ்லைடும் மேகசினும் ஒத்துவராது. முழுத் துப்பாக்கியே வாங்க வேண்டும். முதல் துப்பாக்கியே .357 சிக் என்று யாராவது கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது, பணம். இந்தத் தோட்டா பெரும்பாலும் 9 எம்எம்மை விட இரண்டு மடங்கு விலைக்குப் பக்கத்தில் போகும். எல்லாக் கடையிலும் இருக்காது, இருந்தாலும் ஒன்றிரண்டு வகைதான் இருக்கும். உங்கள் ஊர் விலையை எடுத்து, இரண்டுக்கும் ஒரு தோட்டாவுக்கு எத்தனை சென்ட் வித்தியாசம் என்று பாருங்கள். 30 சென்ட் என்று வைத்துக்கொண்டால், மாதம் 100 சுடுகிறவருக்கு வருஷத்துக்கு 360 டாலர் கூடுதல். அந்தப் பணத்தில் எத்தனையோ 9 எம்எம் பெட்டி வாங்கிப் பயிற்சி எடுக்கலாம், என்னைக் கேட்டால் குறி தவறாமல் சுடப் பழகுவதற்கு வேகம் ஈடாகாது. விலை பயந்து மாதம் 20 தோட்டாவோடு நிறுத்திக்கொள்வீர்கள் என்றால் அங்கேயே கேள்வி முடிந்தது.

சரி, வேகத்துக்கு வருவோம். 125 கிரெயின் குண்டு நொடிக்கு சுமார் 1,350 அடி, ஏறக்குறைய 500 அடி பவுண்டு ஆற்றல். சாதாரண 9 எம்எம்மில் 124 கிரெயின் 1,150 அடி, 360 அடி பவுண்டுக்குக் கிட்டே. பெரிய வித்தியாசம்தான், விளம்பரத்தில் காட்டுவதும் இதைத்தான். ஆனால் 9 எம்எம் ப்ளஸ் பி என்று கொஞ்சம் அழுத்தம் கூடின தோட்டா இருக்கிறதே, அது 1,220 அடிக்கு வந்துவிடும், 410 அடி பவுண்டு. அதோடு ஒப்பிட்டால் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. யாராவது உங்களிடம் இந்தத் தோட்டாவைப் புகழ்ந்து பேசினால், எந்த 9 எம்எம்மோடு ஒப்பிடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

கூடுதல் வேகம் இலக்கில் என்ன செய்கிறது என்பது இன்னொரு விஷயம். எஃப்பிஐ சோதனையில் குண்டு, சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம் போக வேண்டும், வெறும் ஜெலட்டின் மட்டும் இல்லாமல் தடித்த துணி, சுவர்ப் பலகை, பிளைவுட், இரும்புத் தகடு, கார் கண்ணாடி என்று தடைகளைத் தாண்டியும். இன்றைய நல்ல 9 எம்எம் ஹாலோ பாயிண்ட் குண்டுகள் இதே அளவுக்குள் வந்துவிடுகின்றன. 1994ல் அப்படி இல்லை, அதனால்தான் அன்றைக்கு இந்தத் தோட்டாவுக்கு மவுசு. எஃப்பிஐயே 2010களின் நடுவில் 9 எம்எம்முக்குத் திரும்பிவிட்டது. .357 சிக் எடுபடுவது கார் தகடு, கார் கண்ணாடி மாதிரி இடங்களில். டெக்சாஸ், வர்ஜீனியா மாநில போலீஸ் இதை வாங்கியது ஆச்சரியமில்லை, அவர்கள் வேலை பெரும்பாலும் நெடுஞ்சாலையில் காரை நிறுத்திச் சோதிப்பது. அதிபருக்குக் காவல் நிற்கும் சீக்ரெட் சர்வீஸும் பல வருஷம் இதை வைத்திருந்தது, அவர்களும் பின்னாளில் 9 எம்எம் க்ளாக்குக்குப் போய்விட்டார்கள். நீங்கள் நெடுஞ்சாலை போலீஸ் இல்லை என்றால் இந்தப் பலன் உங்களுக்கு எத்தனை தடவை தேவைப்படும் என்று யோசியுங்கள்.

வடிவத்தால் வரும் நன்மை ஒன்று நிஜமாகவே உண்டு. சின்ன மூக்கு பெரிய சேம்பருக்குள் (குழலில் தோட்டா உட்காரும் அறை) போகிறது, புனலில் ஊற்றுகிற மாதிரி, அதனால் மாட்டிக்கொள்வது குறைவு. ஆனால் இன்றைய 9 எம்எம் துப்பாக்கிகளும் லேசில் சிக்குவதில்லை, ஆகவே இதற்காக மட்டும் மாற வேண்டியதில்லை.

தொல்லைகள் என்று பார்த்தால் முதலில் சத்தம். சேம்பர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40,000 பவுண்டு வரை அனுமதி, 9 எம்எம்முக்கும் .40க்கும் 35,000. மூடிய ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடம்) பக்கத்து வரிசைக்காரர் திரும்பிப் பார்ப்பார், குழல் வாயில் வெளிச்சமும் பளிச்சென்று தெரியும். காதுக்குள் வைக்கும் பஞ்சும் மேலே காதை மூடும் மஃபும் இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள். உதைப்பு வெடுக்கென்று இருக்கும், மேகசினிலும் இடம் குறைவு: க்ளாக் 17ல் 17 தோட்டா, அதே அளவு 31ல் 15.

படித்துத் தெரிந்துகொள்வதை விட, இரண்டும் வாடகைக்குத் தரும் ரேஞ்ச் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். ஒரே அளவுத் துப்பாக்கி, ஒன்று 9 எம்எம், ஒன்று .357 சிக். 7 கஜத்தில் ஒரு சின்னத் தட்டு அளவு இலக்கு, ஐந்து ஐந்து தோட்டா, ஷாட் டைமர் (சுடும் நேரத்தை அளக்கும் கருவி) வைத்து. ஐந்தும் தட்டுக்குள் விழுகிற வேகத்தில் சுட்டு, தோட்டாவுக்கும் தோட்டாவுக்கும் இடையே உள்ள நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். முதல் சுற்றை விட்டுவிடுங்கள், கை பழகியிருக்காது. வித்தியாசம் சொற்பம் என்றால் சத்தமும் உதைப்பும் உங்களுக்குப் பிரச்சினை இல்லை, வாங்கலாம். நேரம் கணிசமாக ஏறுகிறது என்றால் வேகத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை அதுதான்.

சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்கள் இன்னும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நேரான கூட்டுக்கு கார்பைட் டை (சுட்ட கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் கடின அச்சு) போதும், எண்ணெய் வேண்டாம். .357 சிக் கூட்டுக்கு லூப் (வழுக்கும் எண்ணெய்) தடவாவிட்டால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும். .40 கூட்டை ஒடுக்கி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், .357 சிக் கூட்டின் நீளம் 0.865 அங்குலம், .40 கூடு 0.850தான். கழுத்து ரொம்பக் குட்டை, பிடிமானம் குறைவு. குண்டு உள்ளே நகர்ந்தால் அழுத்தம் எகிறும். நிரப்பின தோட்டாவின் நீளத்தை அளந்து, முனையை மேஜையில் அழுத்திப் பார்த்து, மறுபடியும் அளங்கள். குறைந்திருந்தால் அந்தத் தோட்டா சுடுவதற்கு இல்லை. உருண்டை மூக்கு 9 எம்எம் குண்டுகள் சிலது இந்தக் கழுத்தில் சரியாக உட்காராது, தட்டை மூக்கு குண்டே பாதுகாப்பு.

.40 வைத்திருந்து பேரல் மட்டும் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். மேகசின் ஒன்றே என்பதால் இரண்டு தோட்டாவும் ஒரே பையில் கலந்துவிட வாய்ப்பு அதிகம். .357 சிக் தோட்டா .40 சேம்பருக்குள் போய்விடக்கூடும், சுட்டால் கூடு கிழிந்து விபரீதமாகலாம். ரேஞ்சுக்குப் போகும்போது ஒரு வகைத் தோட்டா மட்டும் எடுத்துப் போங்கள், மேகசின் அடியில் கலர் டேப் ஒட்டுங்கள், ஏற்றுவதற்கு முன்னால் பேரல் மேல் பொறித்திருப்பதைப் பாருங்கள்.