ஒரே ஒரு மாணவிக்காக நின்ற ரயில்: ஜப்பானின் குட்டி ஸ்டேஷன்களைப் பற்றி நாம் செய்யும் தவறுகள்

2016 ஜனவரியில் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்தது. இன்றும் அவ்வப்போது யாராவது அனுப்புகிறார்கள். ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் காமி-ஷிரதாகி என்று ஒரு ஸ்டேஷன். ஆள் வராததால் அதை மூட ரயில்வே முடிவு செய்ததாம். ஒரே ஒரு பள்ளி மாணவி தினமும் அங்கே ஏறுகிறாள் என்று தெரிந்ததும், அவள் படிப்பு முடியும்வரை மூடாமல் வைத்திருந்தார்களாம்.

படித்ததும் மனம் நெகிழும். அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பாதையின் நிஜமான வரலாறு இந்தக் கதையை விடப் பெரியது. தவறான விவரங்களோடு அதைப் பகிரும்போது நிஜம் மறைந்துபோகிறது, அதுதான் என் வருத்தம்.

முதல் தவறு ஸ்டேஷன் பெயரிலேயே இருக்கிறது. அந்த மாணவி ஏறியது காமி-ஷிரதாகியில் அல்ல, கியூ-ஷிரதாகியில். இரண்டும் ஹொக்கைடோவின் செகிஹோகு பாதையில் இருந்தவை. அந்தப் பகுதியில் ஷிரதாகி என்ற பெயரில் ஒரு காலத்தில் ஐந்து ஸ்டேஷன்கள் வரிசையாக இருந்தன: ஓகு, காமி, வெறும் ஷிரதாகி, கியூ, ஷிமோ. ஓகு என்றால் உள்ளே தள்ளி இருப்பது, காமி மேல், ஷிமோ கீழ், கியூ என்றால் பழைய. நம் ஊரில் மேல், கீழ், பழைய என்று சேர்த்து ஊர்ப்பெயர் வைப்பது போலத்தான். ‘பழைய’ என்று இருப்பதால் இடிந்துபோன பழைய ஸ்டேஷன் என்று நினைத்துவிடக் கூடாது. அது அங்கிருந்த குடியிருப்பின் பெயர். காமிக்கும் கியூவுக்கும் நடுவில் ஷிரதாகி ஸ்டேஷனே இருக்கிறது. ஆக, படம் ஒரு ஊர், பெயர் ஒரு ஊர் என்று போடுவது அங்கே வாழ்ந்தவர்களுக்குச் சின்னத் தவறாகத் தெரியாது.

அடுத்தது தேதி. கியூ-ஷிரதாகி 2016 மார்ச் 26 அன்று மூடப்பட்டது. மாணவி பள்ளிப் படிப்பை முடித்ததும் அதே மார்ச்தான். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஜப்பானில் பள்ளி ஆண்டு மார்ச்சில் முடிகிறது. ஜேஆர் ரயில் நிறுவனங்கள் வருடாந்திர கால அட்டவணையை மாற்றுவதும் மார்ச்சில்தான். அந்த மார்ச் 26 ஹொக்கைடோவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயில் முதன்முதலாக ஓடத் தொடங்கிய நாளும்கூட. அதே நாளில் காமி-ஷிரதாகியும் ஷிமோ-ஷிரதாகியும் பயணிகளுக்கு மூடப்பட்டன. அதே பாதையில் கனேஹானா என்ற இன்னொரு ஸ்டேஷனும் மூடப்பட்டது. அதைப் பற்றி ஒருவரும் கண்ணீர் விடவில்லை. மாணவி இருந்தது உண்மை, ரயில் நின்றதும் உண்மை. ஆனால் அது அவளுக்காக மட்டும் விடப்பட்ட ரயில் அல்ல. அசாஹிகாவா பக்கத்தையும் அபாஷிரியையும் இணைக்கும் பாதை அது. ரயில் எப்படியும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். இன்னொன்று: அந்தப் பெண்ணின் பெயரையும் படத்தையும் தேடிப் போட்டுப் பகிர்வது வேண்டாம். அவர் பள்ளிக்குப் போய்வந்தார், அவ்வளவுதான்.

‘தொடங்கிய ஆண்டு’ விஷயத்திலும் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கியூ-ஷிரதாகி ஸ்டேஷன் ஆனது 1987 ஏப்ரல் 1 என்று பார்த்துவிட்டு, வெறும் 29 வருடம்தான் இருந்தது என்று எழுதுகிறார்கள். உண்மையில் 1947 பிப்ரவரியிலிருந்தே ரயில் அங்கே நின்றது. ஆனால் அப்போது அது ஸ்டேஷன் அல்ல. ‘கரி-ஜோகோஜோ’, அதாவது தற்காலிகமாக ஏறி இறங்கும் இடம். தேசிய ரயில்வேயின் தலைமையகம் வரை போகாமல் வட்டார அலுவலகமே இப்படிப்பட்ட நிறுத்தங்களை அமைத்துக்கொண்டது. நாடு முழுவதற்குமான கால அட்டவணைப் புத்தகத்தில் பெரும்பாலும் இவற்றின் பெயரே வராது. உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்த இடங்கள். 1987இல் தேசிய ரயில்வே பிரிக்கப்பட்டுத் தனியார்மயமானபோது, ஹொக்கைடோவில் இவற்றில் பலவும் ஒரே நாளில் ஸ்டேஷன்களாகப் பதிவாயின. எனவே ஹொக்கைடோவில் ஏதாவது ஒரு குட்டி ஸ்டேஷனுக்கு 1987 ஏப்ரல் 1 என்று கண்டால் அங்கேயே நிற்காமல், அதற்கு முன்னால் என்னவாக இருந்தது என்று பாருங்கள்.

எல்லாக் குட்டி ஸ்டேஷனும் யாரோ ஒரு ஏழைக் கிராமத்துக்காகக் கட்டப்பட்டது என்று நினைப்பதும் சரியல்ல. ஹொக்கைடோவின் கொபோரோ ஸ்டேஷன் இரண்டு சுரங்கப்பாதைகளுக்கு நடுவே கடலோரக் காட்டில் இருக்கிறது. சாலை கிடையாது, சுற்றிலும் குடியிருப்பும் இல்லை. 1943இல் போர்க்காலத்தில் ரயில்கள் ஒன்றையொன்று கடந்துபோக வசதியாக அமைத்த இடம் அது. இன்று அதன் பராமரிப்புச் செலவை தொயோரா ஊராட்சி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படும் தவறு, இந்தப் பாதையை இனிப்பான கதையாக மட்டும் பார்ப்பது. செகிஹோகு பாதையில், மேலே சொன்ன கனேஹானாவுக்குப் பக்கத்து மலையில் ஜோமோன் சுரங்கப்பாதை இருக்கிறது. 507 மீட்டர் நீளம், 1914இல் திறக்கப்பட்டது. ‘தாகோபேயா’ எனப்படும் அடைத்துவைத்து வேலை வாங்கும் கொத்தடிமை முறையில் கட்டப்பட்ட பாதை. சுவருக்குள் ஆட்களைப் புதைத்துவிட்டார்கள் என்று ஊரில் வெகுகாலமாகப் பேச்சு இருந்தது. 1968 நிலநடுக்கத்தில் சேதமான சுவரை 1970இல் பழுதுபார்த்தபோது, செங்கல்லுக்குப் பின்னால் மனித எலும்புக்கூடு கிடைத்தது. இறந்துபோன தொழிலாளர்களுக்கு 1980இல் கனேஹானா அருகே நினைவுக்கல் எழுப்பினார்கள். அந்த மாணவியின் ரயில் போன அதே தண்டவாளத் தொடர்தான் இது.

சரி, நேரில் போக நினைப்பவர்களுக்கு.

ஜப்பானில் சுமார் 9,500 ஸ்டேஷன்கள். அதில் ஏறத்தாழ பாதியில் ஊழியர் கிடையாது. டிக்கெட் கவுன்ட்டர் இல்லை, கேட் இல்லை, கடை இல்லை. கழிப்பறை இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். பல இடங்களில் நாலு பேர் உட்காரும் மரக் கொட்டகைதான் ஸ்டேஷன். உள்ளே ஒரு பெஞ்ச், சுவரில் கால அட்டவணை, மூலையில் பனி தள்ளும் மண்வாரி, வந்துபோனவர்கள் எழுதிவைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம். அதைப் பெருக்கி வைப்பது பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். ராத்தங்கும் இடமாக அதை நினைக்க வேண்டாம்.

ஏறுவதிலும் குழப்பம் வரும். ஓட்டுநர் மட்டுமே இருக்கும் ஒற்றைப் பெட்டி ரயிலில் வழக்கமாகப் பின்கதவில் ஏற வேண்டும். ஏறியதும் பக்கத்தில் இருக்கும் பெட்டியிலிருந்து எண் அச்சிட்ட சின்னச் சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும்; அதற்குப் பெயர் செய்ரிகென். ஓட்டுநரின் தலைக்கு மேலே உள்ள பலகையில் உங்கள் எண்ணுக்குக் கீழே கட்டணம் ஏறிக்கொண்டே வரும். இறங்கும்போது முன்கதவுக்குப் போய், சீட்டையும் சரியான சில்லறையையும் ஓட்டுநர் பக்கத்து உண்டியலில் போட வேண்டும். சில்லறை மாற்றும் இயந்திரம் அங்கேயே இருக்கிறது, ஆனால் 1,000 யென் நோட்டுக்கு மேல் எடுக்காது. 10,000 யென் நோட்டை நீட்டிக்கொண்டு நின்றால் ரயிலே காத்திருக்கும். டோக்கியோவில் கேட்டில் தட்டிப் போன கட்டண கார்டும், ஷிரதாகி பக்கமோ அதே பாதையில் உள்ள எங்காரு ஊர்ப் பக்கமோ செல்லாது.

கால அட்டவணையை வாசிப்பதில்தான் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். ‘ஒரு நாளைக்கு நாலு ரயில்’ என்று பார்த்துவிட்டு, போக இரண்டு, வர இரண்டு என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்கிறோம். கியூ-ஷிரதாகியில் எங்காரு பக்கம் போக ஒன்றுதான் இருந்தது, அதுவும் காலையில். மற்ற மூன்றும் எதிர்த்திசை. மதியம் அங்கே இறங்கியவர் எங்காருவுக்குத் திரும்ப மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இறங்கும் முன் திரும்பும் ரயிலை, திசையோடு சேர்த்து, எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிரஸ் எல்லா இடத்திலும் நிற்காது. ஒவ்வொரு மார்ச்சிலும் அட்டவணை மாறும் என்பதால் பழைய பதிவை நம்பிப் போகாதீர்கள்.

கியூ-ஷிரதாகியில் இறங்க இனி வழியில்லை. ஷிரதாகியில் இறங்கலாம். கற்கால மனிதர்கள் அங்கே எரிமலைக் கண்ணாடிக் கல்லில் செய்த கருவிகள் 2023இல் ஜப்பானின் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டன. அங்கிருந்து அசாஹிகாவா பக்கம் திரும்பினால் அடுத்த ஸ்டேஷன் காமிகாவா, 37.3 கிலோமீட்டர் தள்ளி. ஜேஆரின் ஷின்கான்சென் அல்லாத சாதாரணப் பாதைகளில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே இதுதான் மிக நீண்ட தூரம். நடுவில் இருந்த ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாகப் போனதால் வந்த தூரம் அது. ரயில் மலை ஏறி, 4 கிலோமீட்டருக்கு மேல் நீளும் செகிஹோகு சுரங்கத்தைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் பாருங்கள். காமிகோஷி வரும். ஸ்டேஷனாக இருந்து, 1975இல் பயணிகள் ஏறி இறங்குவது நின்று, ரயில்கள் கடந்துபோவதற்கான சிக்னல் நிலையமாக மட்டும் மாறிய இடம். கடல் மட்டத்திலிருந்து 634 மீட்டர் உயரம் என்று எழுதிய பலகை அங்கே இருக்கிறது.