இன்டர்ன்ஷிப்புக்குக் கிளம்பும் முன்: கொங்குப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோமனூர் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டும் ஒருவரின் மகன், மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவன், பொங்கல் கழிந்த கையோடு பெங்களூரில் மூன்று மாத இன்டர்ன்ஷிப்புக்குக் கிளம்பினான். "கம்பெனில இருந்து லெட்டர் வந்துருச்சுங்க சார்" என்று வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு செய்தி, அவ்வளவுதான். துறைத்தலைவரிடம் எழுத்தில் அனுமதி இல்லை, வெளியே போன நாட்களையும் வருகையாகக் கணக்கில் வைக்கும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதமும் இல்லை. ஏப்ரலில் திரும்பி வந்தபோது வருகைப்பதிவு பரீட்சை எழுத முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. அந்த செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டியதாயிற்று, உதவித்தொகை புதுப்பிப்பு நின்றது, மதிப்பெண் பட்டியல் காட்ட வழியில்லாமல் வங்கியில் அடுத்த தவணைக் கடனும் நின்றது. நான் அவனுடைய வகுப்பு ஆலோசகர். அந்தச் செய்திக்கு "சரி, நல்லா பண்ணு" என்று பதில் போட்டேனே தவிர, அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாடத்தை ஒரு பக்கம், இன்டர்ன்ஷிப்பை ஒரு பக்கம், பணத்தை ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் தவறு, மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. மூன்றையும் கட்டிப்போட்டிருக்கும் கயிறு வருகைப்பதிவு. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால் 75 சதவீதம் வேண்டும், 65-க்கு மேல் 75-க்குள் இருந்தால் மருத்துவச் சான்று, விளையாட்டுப் போட்டி மாதிரியான காரணங்களுக்குத்தான் விலக்கு கிடைக்கும். நம் பக்கம் தன்னாட்சிக் கல்லூரிகள் நிறைய, அவற்றுக்குத் தனி விதிப்புத்தகம் உண்டு, சிலவற்றில் பாடவாரியாகக் கணக்குப் பார்ப்பார்கள். எப்படியானாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் விடக்கூடியது 22 நாள். வாரம் ஐந்து நாள் கல்லூரி என்றால் நாலரை வாரம்கூட முழுசாக வராது. ஒரு மாத இன்டர்ன்ஷிப்பே அதைத் தின்றுவிடும், அப்புறம் ஒரு காய்ச்சல், ஊரில் மாரியம்மன் நோம்பி, அக்கா கல்யாணம் எதற்கும் இடம் இருக்காது. "கம்பெனிக்குத்தானே போறேன், ஓ.டி. குடுத்துருவாங்க" என்று நினைக்காதீர்கள். ஓ.டி.க்கும் பல கல்லூரிகளில் உச்சவரம்பு இருக்கிறது, போய்விட்டு வந்து கேட்டால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

அப்படியானால் எப்போது போவது? விடுமுறைதான் நல்ல காலம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் படிக்கிறவர்களுக்குக் கோடை விடுமுறையில் செய்யும் தொழிற்பயிற்சிக்கே கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளி) இருக்கிறது: இரண்டு வாரத்துக்கு 1, நான்கு வாரத்துக்கு 2, ஆறு வாரத்துக்கு 3. முன்கூட்டியே துறைத்தலைவர் ஒப்புதல் வேண்டும், அதை மறந்துவிட்டு ஆறு வாரம் உழைத்துச் சான்றிதழோடு வந்து நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நீண்ட இன்டர்ன்ஷிப்தான் வேண்டும் என்றால், அதே விதிமுறையில் ஏழாம் செமஸ்டரில் இன்டர்ன்ஷிப் செய்பவர்களுக்கு அந்த செமஸ்டர் பாடங்கள் எட்டாம் செமஸ்டருக்குப் போகும் என்று பாடத்திட்டத்திலேயே குறிப்பு இருக்கிறது. இது பெரிய வசதி. ஆனால் பாதிப் பேர் இதன் மறுபக்கத்தைப் பார்ப்பதில்லை. எட்டாம் செமஸ்டரில் நீங்கள் வகுப்பில் உட்கார வேண்டும். கம்பெனி உங்களைப் பிடித்துப்போய் "ஜனவரியிலிருந்து முழு நேரமாக வந்துவிடு" என்றால் போக முடியாது. ஒத்துக்கொள்ளும் முன்பே ஹெச்.ஆரிடம் இதைச் சொல்லி, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அரியர் இருந்தால் கணக்கு இன்னும் இறுகும். நிலுவை அரியர் இருக்கக் கூடாது என்று நிறையக் கம்பெனிகள் கேட்கின்றன, அரியர் பரீட்சையோ நவம்பர், ஏப்ரலை ஒட்டி நீங்கள் வேலையில் இருக்கும்போதே வந்து நிற்கும். ஐந்தாம் செமஸ்டருக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். முடியாதென்றால் பரீட்சை நாட்களுக்கு விடுப்பு உண்டா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். உதவித்தொகை ஒருமுறை வந்துவிட்டால் படிப்பு முடியும் வரை தானாக வரும் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருப்பார்கள். ஒன்றிய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள், முதல் மூன்று ஆண்டும் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். இன்னொன்று, மாநில அரசின் உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குகிறவர்கள் இதை வாங்க முடியாது. இரண்டுக்கும் விண்ணப்பித்துவிட்டு எது வந்தாலும் லாபம் என்று இருக்காதீர்கள், எது பெரியது என்று முதலிலேயே பார்த்து ஒன்றை எடுங்கள். புதுமைப்பெண், 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் இரண்டும் அப்படியில்லை, வேறு உதவித்தொகை வாங்கினாலும் மாதம் 1,000 ரூபாய் கூடவே வரும். தகுதி இருந்தும் இந்தப் பயத்தில் விண்ணப்பிக்காமல் விட்ட பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். அப்புறம், முதல் பட்டதாரி சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான், கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான். அண்ணன் தங்கை இரண்டு பேர் படிக்கிற வீட்டில் யாருக்கு அதை வைப்பது என்று சேர்க்கைக்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள்.

இப்போது சொல்லப்போவதை யாரும் சொல்லித் தருவதில்லை. இன்டர்ன்ஷிப்பில் சேர்ந்ததும் கம்பெனி தன் வங்கியில் உங்களுக்கு ஒரு புதுக் கணக்குத் திறந்துவிடும். படிவத்தில் பத்துக் கையெழுத்து, அதில் ஒன்று "அரசு மானியம் இந்தக் கணக்குக்கு வர ஆதாரை இணைக்கச் சம்மதம்" என்று இருக்கும். படிக்காமல் போட்டுவிடுவீர்கள். அரசு நேரடியாகப் போடும் பணம், ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் போகும். ஊரில் அப்பா பழைய பாஸ்புக்கைக் கொண்டுபோய் மாதாமாதம் பதிந்து பார்த்து "பணம் வரலைங்க சார்" என்று எனக்குப் போன் செய்வார், பணமோ பெங்களூர்க் கிளையில் கிடக்கும். அதைவிட மோசம், இன்டர்ன்ஷிப் முடிந்ததும் அந்தக் கணக்கை மூடிவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடுங்கள். ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று மைஆதார் தளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம், சேர்ந்த முதல் மாதமும் முடித்த மாதமும் ஒருமுறை பாருங்கள்.

வெளியூரில் இருக்கும்போது இன்னொன்றும் நழுவும். தேசிய உதவித்தொகைத் தளத்தில் நீங்கள் புதுப்பித்தால் மட்டும் போதாது, கல்லூரியும் அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும், அதற்குத் தனிக் கெடு. வருமானச் சான்றிதழ் பழையதாகிவிட்டது என்று கல்லூரி அலுவலகம் கூப்பிடும்போது நீங்கள் ஏதோ மீட்டிங்கில் இருப்பீர்கள். கிளம்பும் முன்பே இ-சேவை மையத்தில் புதுச் சான்றிதழ் எடுத்து, அலுவலகத்தில் ஒரு நகல் கொடுத்து, யாரிடம் கொடுத்தீர்கள் என்று பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். விடுதியை விட்டு வெளியேறினால் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் விடுதி மாணவருக்கு ஒரு தொகை, வீட்டிலிருந்து வருபவருக்கு வேறு தொகை.

இன்டர்ன்ஷிப்பில் மாதாமாதம் தரும் ஸ்டைபண்ட் என்ற எண்ணை மட்டும் பார்த்து ஊரை விட்டுப் போவதும் தவறுதான். பெங்களூரில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் கழித்தால் பல பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்துதான் பணம் போகிறது. நம் பக்கத்திலேயே இருப்பதை முதலில் பாருங்கள். மெக்கானிக்கல் படிப்பவர்களுக்குக் கோவையில் பவுண்டரிகளும் பம்ப்செட் கம்பெனிகளும், டெக்ஸ்டைல் படிப்பவர்களுக்குத் திருப்பூர், கரூர், பெருந்துறை சிப்காட், கணினிப் பிள்ளைகளுக்குக் கோவை சரவணம்பட்டியின் ஐ.டி. கம்பெனிகள். சென்னிமலையிலிருந்து பெருந்துறைக்கு டவுன் பஸ்ஸில் போய் ஆறு வாரம் ஒரு நூற்பாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நின்ற பெண்ணுக்குப் பஸ் செலவே கிடையாது, மதியத்துக்கு வீட்டுச் சாப்பாடு. அவள் எழுதிக் கொடுத்த அறிக்கைதான் அந்த ஆண்டு நான் படித்ததில் சிறந்தது.

பணம் வாங்கிக்கொண்டு இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தருகிற இடங்களுக்குப் போகவே போகாதீர்கள். ஐயாயிரம் கட்டி, பத்து நாள் வீடியோ பார்த்து வாங்கின தாளை நேர்முகத் தேர்வில் நீட்டினால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும், அந்த ஐயாயிரத்துக்கு வீட்டில் எத்தனை மீட்டர் துணி நெய்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் என்று கேள்விப்பட்டு நிறையப் பேர் கேட்கிறார்கள். தொடங்கியபோது அது முழு நேரமாகக் கல்லூரியில் படிப்பவர்களுக்கானதாக இருக்கவில்லை, விண்ணப்பிக்கும் முன் இப்போதைய விதியைப் பாருங்கள்.

கல்விக்கடன் வாங்கியிருந்தால் ஒரு வேலை கூடுதல். வங்கி மொத்தப் பணத்தையும் ஒரேயடியாகத் தராது, செமஸ்டர் வாரியாகக் கல்லூரிக்கு அனுப்பும், நடுவில் மதிப்பெண் கேட்கும். இன்டர்ன்ஷிப்பால் பாடங்கள் ஏழிலிருந்து எட்டுக்கு நகர்ந்தால் ஏழாம் செமஸ்டர் மதிப்பெண் பட்டியலில் வழக்கமான பாடங்கள் இருக்காது, மேலாளர் குழம்புவார். கல்லூரியிலிருந்து ஒரு விளக்கக் கடிதம் வாங்கி, கிளம்பும் முன்பே கிளையில் நேரில் கொடுத்துவிடுங்கள். கடன் ஒப்பந்தத்தில் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருப்பார், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வங்கியிலிருந்து போன் வந்தால் எடுக்கப்போவது அவர்தான்.