உண்ணிச்செடிய வெட்டாதீங்க, தலைகீழா கவுத்துப் போடுங்க

நம்ம முதுமலை, சத்தியமங்கலம் பக்கமெல்லாம் புதரா மண்டிக் கிடக்கே லாண்டானா, அதான் உண்ணிச்செடி, அத தரையோட வெட்டிட்டு வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, அடுத்த மழைக்கே ஒரு தண்டு இருந்த எடத்துல நாலு தண்டு வந்து நிக்கும். அது துளிர்க்கிற எடம் தண்டும் வேரும் சேருற அந்தக் கழுத்துப் பகுதிதான், அதனால மண்ணுக்குக் கீழ ரெண்டு இஞ்ச் போல தோண்டி ஆணிவேர வெட்டி, செடிய அப்படியே வேர் மேல பார்க்க கவுத்து வச்சுடுங்க, மண்ணுல படாம காஞ்சு செத்துரும். டெல்லி பேராசிரியர் சி.ஆர். பாபு கொண்டுவந்த முறை இது, மருந்தும் வேணாம் ஜேசிபியும் வேணாம், மண்ணும் ரொம்ப கிளறாது.

காய் கறுக்குறதுக்கு முன்னாடியே செஞ்சுடுங்க ப்ளீஸ். பழத்த புல்புல், மைனா எல்லாம் தின்னுட்டு மரத்துல உக்காந்து எச்சம் போடும், அதனால மரத்தடியில முளைக்கிற நாத்த அடுத்த ரெண்டு மூணு மழைக்காலமும் கையாலயே பிடுங்கணும், இத விட்டா பட்ட பாடு அத்தனையும் வீண்.

வெறும் தரையா மட்டும் விட்றாதீங்க, பார்த்தீனியம் வந்து உக்காந்துக்கும். பக்கத்துக் காட்டோரத்துலயே அந்த ஊர் புல்லு விதை எடுத்துத் தூவுங்க, நெல்லி மாதிரி நம்ம மண்ணு மரம் தானா முளைச்சிருந்தா அதச் சுத்தி மட்டும் பார்த்து வெட்டுங்க.

வெட்டுன குச்சிய எரிக்க வேணாம், கூடலூர் பக்கம் பழங்குடி மக்கள் இதுல நிஜ யானை அளவுக்கே யானை சிலை செய்றாங்க, அவ்ளோ உறுதி. மாட்டுக்கு மட்டும் இலை போட்றாதீங்க, விஷம்.