நிலவு தேய்வது பூமியின் நிழலால் அன்று

சூரியனையும் நிலவையும் பற்றிய தவறான எண்ணங்களில் மிகப் பரவலானது, பூமியின் நிழல் விழுவதால்தான் நிலவு தேய்கிறது என்பது. நன்கு படித்தவர்களிடமும் இது ஆழப் பதிந்திருப்பதைக் கண்டு நான் வருந்தியதுண்டு. ஏனெனில், இதைத் திருத்திக்கொள்ளக் கருவி எதுவும் வேண்டாம்; வளர்பிறை அஷ்டமியன்று மாலை நான்கு மணிக்கு மொட்டைமாடிக்குச் சென்றால் போதும். மேற்கே சூரியன் காய்ந்துகொண்டிருக்கும்போதே கிழக்கு வானில் பாதி நிலவு வெளிறித் தெரியும். பூமியின் நிழல் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் நீள்வது; அந்த நிலவோ சூரியனிலிருந்து ஏறத்தாழ 90 பாகைதான் விலகி நிற்கிறது. அதன்மேல் நிழல் விழ வழியே இல்லை.

நிலவின் ஒரு பாதியில் எப்போதும் வெயில் அடிக்கிறது; அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே பிறையின் அளவு. பஞ்சாங்கத்தில் நாம் பார்க்கும் திதியும் சூரியனிலிருந்து நிலவு விலகியிருக்கும் கோணத்தைத்தான் சொல்கிறது: 12 பாகைக்கு ஒரு திதி, அமாவாசை முடியும் கணத்தில் சுழியம், பௌர்ணமி முடியும் கணத்தில் 180 பாகை.

இந்தக் கோணத்தை மனத்தில் கொண்டால், பகலுக்குச் சூரியன், இரவுக்கு நிலவு என்ற பிரிவினையும் தானே விழுந்துவிடும். நிலவு நாள்தோறும் சராசரியாக 50 நிமிடம் பிந்தி உதிப்பதால், மாதத்தின் பெரும்பாலான நாட்களில் பகலிலும் சிறிது நேரம் வானில் இருக்கிறது. மூன்றாம் பிறையை நள்ளிரவு வானில் வரைவதும் பிழையே. அது சூரியனைத் தொடர்ந்து சென்று இரவு ஒன்பது மணிக்கெல்லாம் மறைந்துவிடும்.

நிலவு தன்னைத்தானே சுற்றுவதில்லை என்பதும் தவறு. பூமியைச் சுற்ற எடுத்துக்கொள்ளும் அதே 27.3 நாட்களில் தானும் ஒருமுறை சுழல்வதால்தான் நமக்கு ஒரே முகம் தெரிகிறது. மறுபக்கம் நிரந்தர இருளில் கிடப்பதும் இல்லை; அமாவாசையன்று வெயில் முழுவதும் அங்கேதான்.

சூரியனும் நிலவும் வானில் ஏறக்குறைய ஒரே அளவாகத் தோன்றுவது இன்னொரு மயக்கம். சூரியனின் விட்டம் சுமார் 13,92,000 கிலோமீட்டர், நிலவினது 3,474. ஆனால் 400 மடங்கு பெரிய சூரியன் ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. இந்தப் பொருத்தத்தால்தான் சிறிய நிலவால் சூரியனை மறைக்க முடிகிறது.

அப்படியானால் அமாவாசைதோறும் கிரகணம் வர வேண்டுமே என்று கேட்பது நியாயமான கேள்வி. நிலவின் பாதை பூமியின் பாதைத் தளத்துக்கு 5 பாகை சாய்ந்திருக்க, சூரிய வட்டமோ அரைப் பாகை அகலமே உடையது. எனவே பெரும்பாலான அமாவாசைகளில் நிலவு மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடுகிறது. 2019 டிசம்பர் 26 அன்று அது நேர்க்கோட்டில் வந்தும், அப்போது தொலைவில் இருந்ததால் சூரியனை முழுதாக மூடவில்லை; கோவையிலும் மதுரையிலும் யாழ்ப்பாணப் பகுதியிலும் மக்கள் கண்டது, சூரியனின் விளிம்பு வளையமாக எஞ்சித் தெரியும் கங்கணக் கிரகணம்.

கண்ணைக் கெடுக்கக்கூடிய பிழையும் ஒன்று உண்டு. சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் எஞ்சியிருக்கும் மெல்லிய சூரிய விளிம்புகூட விழித்திரையைச் சுட்டுவிடும் என்பதால், சூரிய கிரகணத்தை எக்ஸ்ரே பிலிம் வழியாகவோ குளிர்கண்ணாடி வழியாகவோ ஒருபோதும் பார்க்கக் கூடாது; அட்டையில் ஊசித்துளை இட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, வெள்ளைத்தாளில் விழும் பிம்பத்தைப் பாருங்கள்.