பால், க்ரீம் இல்லாம திக்கான கார்ன் சூப் – என் அனுபவம்

வீட்ல ஒருத்தருக்கு பால் ஒத்துக்காது, அதனால கார்ன் சூப்புக்கு தேங்காப்பால் ஊத்தி பாத்தா கொதி வந்ததும் திரிஞ்சு மேல எண்ணெயா மிதக்குது, கார்ன்ஃப்ளார் கரைச்சு விட்டா கெட்டியாகும் ஆனா பசை மாதிரி வழவழன்னு இருக்கும், எனக்கு அது சுத்தமா பிடிக்காது.

இப்ப ரெண்டு ஸ்வீட் கார்ன்ல முத்தை உதிர்த்துட்டு மிஞ்சுற கட்டைய தூக்கி போடாம 3 கப் தண்ணில 20 நிமிஷம் கொதிக்க விடுறேன், அந்த தண்ணிக்கே தனி இனிப்பு வாசனை வருது. வெங்காயம், பூண்டு வதக்கி, ஒரு கைப்பிடி முத்து எடுத்து வச்சிட்டு மீதிய அந்த தண்ணிலயே வேகவிட்டு, சுடுதண்ணில ஊறின 10 முந்திரியோட மிக்ஸில நைசா அரைக்கணும் (ஆறினப்புறம் அரைங்க, சூடா அரைச்சா மூடி தெறிக்கும்). வடிகட்டிடுங்க, தோல் சக்கை நாக்குல மாட்டுறதுதான் பெரிய தொல்லை. எடுத்து வச்ச முத்தை போட்டு வெந்ததும் அடுப்ப சிம்ல வச்சு கடைசியா அரை கப் கெட்டி தேங்காப்பால், கொதிக்க விடாம இறக்கிட்டா திரியல. மிளகுத்தூள் தாராளமா போடுங்க.

மறுநாள் இறுகிடும், கொஞ்சம் வெந்நீர் விட்டு சூடு பண்ணா போதும்.