கொச்சி யூதர்களின் நினைவுகளைப் பதிவு செய்யும்போது எங்கே தவறுகிறோம்?

கொச்சி யூதர்களின் கதையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேராகக் கொச்சியின் மட்டாஞ்சேரிக்குப் போய் இறங்குகிறார்கள். யூதத் தெரு, 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம், நீலம் தீட்டிய சீனத் தரையோடுகள், மணிக்கூண்டு என்று படம் எடுக்க அருமையான இடம்தான். பேசத்தான் ஆள் இல்லை. பழங்காலம் தொட்டு அங்கே வாழ்ந்த மலபார் யூதர்களில் பெரும்பாலோர் 1950-களின் நடுவிலேயே இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள், பின்னாளில் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய பரதேசி யூதர்களும் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டார்கள். இன்று அந்த நினைவுகளைத் தேட வேண்டியது நெகேவ் பாலைவனத்தில் உள்ள நெவாதிம், எருசலேம் பக்கத்து மெசிலாத் சீயோன் போன்ற விவசாயக் கிராமங்களில்.

அடுத்தது, எல்லாரையும் ஒரே சமூகமாக நினைப்பது. பரவூர், சேந்தமங்கலம், மாள, எர்ணாகுளம் என்று ஒவ்வோர் ஊருக்கும் தனி ஆலயம், தனிப் பெருமை. பரதேசிகள் 'வெள்ளை யூதர்', மலபாரிகள் 'கறுப்பு யூதர்' என்ற பிரிவினை வேறு. பரதேசி ஆலயத்துக்குள்ளேயே, விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து வழிபட அந்தக் காலத்தில் உரிமை இருக்கவில்லை. அதை எதிர்த்து சத்தியாகிரகம் செய்த வழக்கறிஞர் ஏ.பி.சேலத்தை 'யூத காந்தி' என்றே சொல்வார்கள். இதில் ஒரு தரப்பிடம் மட்டும் மைக்கை நீட்டினால் கிடைப்பது பாதிக் கதை, அதுவும் வசதியான பாதி.

கேள்விகளிலும் சொதப்புகிறோம். "உங்கள் முன்னோர் எப்போது வந்தார்கள்?" என்று ஆரம்பித்தால் சாலமோன் ராஜாவின் கப்பல்கள், கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிந்தது, யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்த செப்பேடு என்று வரிசையாக வரும். எத்தனையோ விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய கதை அது, வட்டெழுத்தில் உள்ள அந்தச் செப்பேட்டைப் பற்றிப் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம். பஸ்கா பண்டிகை வருவதற்கு முன் வீட்டை எப்படிக் கழுவினீர்கள், சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்துக்கு என்ன சொன்னீர்கள், வீட்டையும் கடையையும் யாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினீர்கள் என்று கேளுங்கள். யானைக்கால் நோய் பரவிவிடும் என்ற பயத்தில் இஸ்ரேல் சுகாதார அதிகாரிகள் இவர்களின் பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். மூட்டை கட்டிக் காத்திருந்த அந்த நாட்கள் பேசியவர் நினைவில் மட்டும்தான் இருக்கும்.

பெரியவர்கள் என்றால் ஆண்கள் என்று முடிவு கட்டிவிடுவது எனக்குப் பெரிய எரிச்சல். கொச்சியில் பெண்கள் ஆண்கள் முன்னாலேயே மலையாளத்தில் பாடினார்கள், பல யூத சமூகங்களில் காணாத வழக்கம் இது. கல்யாணப் பாட்டுகளைக் கையால் எழுதிவைத்த நோட்டுகள் குடும்பங்களில் இருக்கின்றன, ஆனால் எபிரேயத்தில் படித்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு அந்த எழுத்து புரியாது. பாட்டி பாடும்போதே நோட்டின் பக்கத்தைப் படம் எடுங்கள், எந்தச் சடங்கில் பாடியது என்றும் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். மலையாளம் நன்றாகத் தெரிந்த ஒருவர் கூட இருப்பது அவசியம், தமிழர்களான நமக்கு எல்லாம் புரிகிற மாதிரி இருக்கும், அங்கேதான் கோட்டை விடுவோம்.

வெள்ளி மாலையிலிருந்து சனி இருட்டும் வரை ஓய்வுநாள், ரெக்கார்டரோடு போய் நிற்காதீர்கள்.

கருவி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள், ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகவே பதியுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை மூலம் என்று சேமிக்காதீர்கள். தொடக்கத்திலேயே பெயர், ஊர், தேதியைக் குரலில் சொல்லிவிடுங்கள், மூன்று பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

அனுமதியை மட்டும் ஒரு கையெழுத்தோடு முடித்துவிடாதீர்கள். நிறப் பிரிவினை, நடக்காமல் போன கல்யாணங்கள் பற்றியெல்லாம் பேசியவர் மறுநாள் யோசித்து வருத்தப்படலாம். பதிவைப் போட்டுக் காட்டி, எந்தப் பகுதியை இப்போது வெளியிடலாம், எதைத் தன் காலத்துக்குப் பிறகு வெளியிடலாம் என்று அவரையே சொல்லச் சொல்லி, அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.